சைனிக்புரி ஹாலுக்குள் 17 மீட்டர் அலை... தெரியுமா?

நீங்கள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் ஹாலைவிட, அந்தப் பாட்டின் அடிநாத அலை நீளமானது. தெரியுமா? காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடுகிறது. 20 ஹெர்ட்ஸ் அதிர்வு என்றால் ஒரே ஓர் அலைக்கு 17 மீட்டர்! ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்காக உருவான ஹைதராபாத் சைனிக்புரியின் தாராளமான தனி வீட்டு ஹால்களில்கூட அந்த அலை முழுசாக அடங்க இடம் கிடையாது. சப்வூஃபர் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கடையில் கேட்டு மயங்கிய பெட்டி வீட்டில் வேறு மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை, சுவரில் இருக்கிறது.

ஹைதராபாத்காரர்களுக்குக் கோல்கொண்டா கைதட்டல் தெரியும். கோட்டை வாசல் குவிமாடத்தின் கீழ் தட்டினால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி மேலே பாலா ஹிஸாரில் கேட்கும். கைதட்டலின் அலைகள் குட்டையானவை. குவிமாடம் அவற்றை வாங்கித் திருப்பி அனுப்பிவிடுகிறது. பேஸ் என்னும் அடிநாதம் அப்படித் திசை பார்த்துப் போகாது. எதிர்ச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, அறையில் சில இடங்களில் குவியும், சில இடங்களில் ஒழியும். இதுதான் நிலை அலை.

கணக்கைப் பாருங்கள், பிரமிப்பாக இருக்கும். 13 அடி அகல அறையில் முதல் நிலை அலை 43 ஹெர்ட்ஸ் வாக்கில் எழும்பும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி, அதாவது ஈ சுரம், 41.2 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த எஃப் 43.65. ஆக, அந்த அறை எஃப் சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது! நீளம் 16 அடி சொச்சம், அதாவது 5 மீட்டர் என்றால் 34 ஹெர்ட்ஸ். ஹாலின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் அந்த 34 காணாமல் போகும். எழுந்து பின்சுவர் ஓரம் நின்றால் கும்மென்று நெஞ்சில் அடிக்கும். அதே பாட்டு, அதே வால்யூம்!

அமெரிக்கப் பத்திரிகைகளின் ஆலோசனை நம் வீடுகளில் அப்படியே பலிக்காது என்பது தெரியுமா? அங்கே பல வீடுகளின் சுவர் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. பேஸ் வந்து மோதினால் பலகை மெல்ல அசைந்து கொஞ்சத்தைத் தின்றுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கிரானைட் தரையும் அவ்வளவு எளிதில் அசையாது, வந்ததில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். கனத்த திரைச்சீலை காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். 40 ஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கே 2 மீட்டருக்கு மேல். துணி அதை என்ன செய்யும்? அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: இன்னும் பெரிய பெட்டிக்குக் காசு சேர்ப்பதைவிட, இருக்கிற பெட்டிக்குச் சரியான இடம் தேடுங்கள்.

அந்தத் தேடலுக்கு ஓர் அற்புதமான வழி இருக்கிறது. சப்பைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவிலேயே வையுங்கள். பேஸ் சுரங்கள் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓட விடுங்கள். இப்போது சுவரோரமாகத் தரையில் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ, சப்பின் இடம் அதுதான்! ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் முடிவு மாறாது என்ற பரிமாற்ற விதிதான் இதன் அடிப்படை. அந்த விதியை விரித்துச் சொன்னவர்களில் ஒருவர் ராலே பிரபு. அவர் தமது ஒலியியல் நூலை எழுதத் தொடங்கியது எங்கே தெரியுமா? எகிப்தில், நைல் நதியில், ஒரு படகு வீட்டில்!

இன்னொன்று: பெரிய சப் ஒன்றைவிடச் சிறிய சப் இரண்டு மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002இல் செவ்வக அறைகளில் இதை அலசிக் காட்டினார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தால், ஒன்று எழுப்பும் நிலை அலையை மற்றது அமுக்கிவிடும். பேஸைக் கூட்டி பேஸின் தொல்லையைக் குறைப்பது!

சப்பின் கூம்பு ஏன் கனமாக இருக்கிறது? மிருதங்கக்காரரைக் கேளுங்கள். கச்சேரிக்கு முன் தொப்பித் தோலின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரே, அந்தக் கனம்தான் சுருதியைக் கீழே இறக்குகிறது. கனம் ஏறினால் அதிர்வு நிதானமாகும்; கூம்பிலும் இதே தத்துவம். தோலில் கனம் ஏற்றும் நம் வாத்தியங்களின் நாதத்தைத் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1920இலேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார்! கீழே போகப் போக உழைப்பும் எகிறும். 40லிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு அதே பலத்தோடு இறங்க, கூம்பு 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை ஆசிய யானைகள் பேசிக்கொள்வதை 1984இல் ஆய்வாளர் கேட்டி பெய்ன் கண்டறிந்தார். சின்னப் பெட்டிகள் எட்டாத அந்த ஆழம் யானைக்குச் சாதாரணம்.

ஸ்பீக்கரோடு சப்பை இணைக்கும்போது 80 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம், சப் மறைந்துவிடும். ஆனால் 80 ஹெர்ட்ஸில் அரை அலை என்பது 7 அடிதான். ஸ்பீக்கரைவிட சப் அவ்வளவு தள்ளியிருந்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் செத்துவிடும்! பின்பக்கம் 0, 180 என்று ஃபேஸ் ஸ்விட்ச் வைத்திருப்பது இதற்காகத்தான். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்விட்சை மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விட்டுவிடுங்கள். ஆம்ப்பில் சப்புக்கெனத் தனி அவுட் இல்லையா? ஸ்பீக்கர் வயரிலிருந்தே இணைப்பு வாங்கிக்கொள்ளும் சப்கள் உண்டு. 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் வந்தால், அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமாக இருக்கலாம். ஆம்ப்பையும் சப்பையும் எர்த் உள்ள ஒரே போர்டில் செருகிப் பாருங்கள்.

கடைசியாக, பக்கத்து வீடு. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்தான் என்கின்றன 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். அந்த அளவீடு மனிதக் காதின் உணர்வுக்கேற்ப எடை போடுவது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபெல் குறைத்தே காட்டும், தெரியுமா? பாடகரின் குரலைத் தடுத்துவிடும் அதே சுவரை பேஸ் துளைத்துக்கொண்டு போகும். மீட்டர் 'சரி' என்று காட்டும். பக்கத்து வீட்டில் ஜன்னல் அதிரும். 10 மணி ஆனதும் சப்பின் வால்யூமை மட்டும் தனியாக இறக்கிவிடுங்கள், பாட்டு பாட்டாகவே ஓடும்.