திட்டே பெயராச்சு! பாரீஸ் வாலிபர்களின் முதல் ஆல்பம்

பாரீஸ் வாலிபர்கள் இருவர், ஒரு நண்பரோடு சேர்ந்து 1993-ல் கிட்டார் பாட்டு வெளியிட்டார்கள். “அசட்டு பங்க் கூச்சல்” என்று லண்டன் பத்திரிகை ‘மெலடி மேக்கர்’ கிழிகிழி என்று கிழித்தது. இருவரும் கிட்டாரை மூலையில் போட்டார்கள். திட்டிய வார்த்தையை மட்டும் விடவில்லை. ‘டாஃப்ட் பங்க்’ என்று அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்!

மின்னணுக் கருவிகளை அடுக்கி, வீட்டு அறையிலேயே பதிவு செய்த முதல் ஆல்பம் 1997 ஜனவரியில் வந்தது. பெயர்? ‘ஹோம்வொர்க்’!

கேட்டவர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ பாட்டில் அந்த மூணே வார்த்தைதான், நூறு தடவைக்கு மேல்! ரெக்கார்டு கீறிப்போச்சா என்று காதைப் பொத்தியவர்கள் ஒரு கட்சி. வார்த்தை கிடக்கட்டும், அந்த பேஸ் துள்ளலுக்குக் கால் சும்மா இருக்குமா என்று ஆடியவர்கள் மறு கட்சி. ஆடிய கட்சிக்கே ஆள் அதிகம். கிண்டல் செய்த பிரிட்டனிலேயே பாட்டு 5-வது இடம் பிடித்தது.

‘மெலடி மேக்கர்’ 2000-ல் நின்றுபோனது. டாஃப்ட் பங்க் 2021 வரை ஓடியது.