வேற்றூரில் வைத்தியம்: எந்த அட்டை எங்கே செல்லும்?

கொண்டாப்பூர்த் தமிழர்கள் என்றவுடன் கணினி நிறுவனங்களில் பணிபுரிவோர்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நிறுவனமே மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கொத்தகுடா சந்துகளிலும் ஹாஃபீஸ்பேட்டைப் பக்கத்திலும் இன்னொரு தமிழகம் இருக்கிறது. விடுதிச் சமையற்காரர்கள், இட்லி வண்டிக்காரர்கள், டிரைவர்கள், டைல்ஸ் பதிப்பவர்கள் என்று பலர். உடம்புக்கு வந்தால் எங்கே போவது, கையில் இருக்கும் அட்டை இங்கே செல்லுமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்களே. நம் வீடுகளுக்கு வந்து வேலை செய்பவர்களும் இவர்களில் உண்டு என்பதால், எல்லா அன்பர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விழுப்புரம் பக்கத்துச் சமையற்காரர் ஒருவர். மனைவிக்குக் குடல்வால் வீக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் தமிழக முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டியிருக்கிறார். "இது இங்கே செல்லாது, முன்பணம் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பணம் இல்லை. வலியோடு அந்த அம்மாவைப் பேருந்தில் ஏற்றி, இரவு முழுக்கப் பயணம் செய்து ஊருக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டார் என்றாலும் வழியிலேயே குடல்வால் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. அவர்கள் குடியிருந்த அதே கொண்டாப்பூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகலாம் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

இதில் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மருத்துவம் நம் அரசியல் சட்டப்படி மாநிலங்களின் பொறுப்பு. எனவே ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறது. தமிழகத்தில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2007-ல் ஆரோக்கியஸ்ரீ வந்தது. அதைக் கொண்டுவந்த முதல்வர் ராஜசேகர ரெட்டி தாமே ஒரு டாக்டர். தெலங்கானாவில் அதன் வரம்பு 2023 டிசம்பரில் பத்து லட்சம் ரூபாயாக உயர்ந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு இந்த மாநிலத்து உணவுப் பாதுகாப்பு அட்டை வேண்டும். நம்மவர்களின் ரேஷன் அட்டையோ ஊரில், அம்மாவின் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது!

"ஒரே நாடு ஒரே ரேஷன் வந்துவிட்டதே" என்று சிலர் கேட்கிறார்கள். அது தானியத்துக்கு மட்டும். அரிசி மாநில எல்லையைத் தாண்டும். அறுவைச் சிகிச்சை தாண்டாது.

எல்லையைத் தாண்டுபவை இரண்டு. முதலாவது 2018 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். தெலங்கானா இதில் 2021-ல் சேர்ந்தது. தமிழகத் திட்டம் இதனோடு இணைக்கப்பட்டிருந்தாலும், முதலமைச்சர் அட்டை வைத்திருக்கும் எல்லோரும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில், "எங்கள் குடும்பம் ஆயுஷ்மான் பட்டியலில் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். நோய் வந்தபின் ஓடிக் கேட்கும் கேள்வி அல்ல இது.

இரண்டாவது இ.எஸ்.ஐ. என்னைக் கேட்டால் வெளியூர்த் தொழிலாளிக்கு இதைப்போல் உதவுவது வேறில்லை. இதைப்போல் மறக்கப்பட்டதும் இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சம்பள வரம்பு 2017-ல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி கட்டுவது நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி கட்டுவது மூன்றேகால் ரூபாய். வேலை மாறினாலும் மாநிலம் மாறினாலும் அதே எண்தான். தொழிலாளி இங்கே சனத்நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம், ஊரிலிருக்கும் மனைவி மக்கள் அங்குள்ள இ.எஸ்.ஐ.யில் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தாலும் உரிமை உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே தராவிட்டால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அட்டை எதுவும் இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2018-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய பஸ்தி தவாகானாக்களில் டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம். தில்லியின் மொஹல்லா கிளினிக்கைப் பார்த்து ஏற்படுத்தியவை இவை. காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றுக்கு இது போதும். 108 ஆம்புலன்சும் இலவசமே; அது பிறந்ததே இந்த ஊரில்தான், 2005-ல்.

குழந்தைத் தடுப்பூசிக்கும் முகவரி தடையல்ல. ஆறு, பத்து, பதினான்காம் வாரத்து ஊசிகள் நாடெங்கும் ஒன்றே. தாய்சேய் அட்டையை மட்டும் தொலைக்காதீர்கள். பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: தமிழகத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு 'பிக்மி' எண் கேட்பார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து போகும்போதே அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துவிடுங்கள்.

அட்டையைவிடப் பெரிய தடை பேச்சு என்று எனக்குத் தோன்றுகிறது. தெலுங்கு நமக்குப் பக்கத்து மொழி என்ற தைரியமே சில சமயம் ஆபத்து. நம் பெரியவர்கள் "ஆயாசமாக இருக்கிறது" என்றால் களைப்பு என்று பொருள். தெலுங்கில் "ஆயாசம்" என்றால் மூச்சு வாங்குவது! களைப்பென்று வந்தவருக்கு இருதயப் பரிசோதனை நடந்தால் பாதகமில்லை, பணம்தான் செலவு. இதுவே தலைகீழானால்? டாக்டர் "ஆயாசம் உந்தா?" என்று கேட்க, மூச்சுத் திணறலோடு வந்தவர் "அப்படிக் களைப்பொன்றும் இல்லை" என்று தலையாட்டிவிட்டால் என்ன செய்வது? தலைசுற்றலுக்கு "கள்ளு திருகுதுன்னாய்" என்பார்கள், கண்கள் சுழல்கின்றன என்று. "குண்டெ" என்பது நெஞ்சு, இருதயம். தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வந்தாலும் "குண்டெ நொப்பி" என்ற சொல்லை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளுக்கும் இதே இடர்கள்தான்: தாள்கள் இல்லை, மொழி இல்லை, பயம். அங்கே 'ப்ரொமோத்தோரா' என்று அழைக்கப்படும் பெண்கள், அதே தெருவில் வசிப்பவர்கள், சிறிது பயிற்சி பெற்று, அண்டை வீட்டாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் உடனிருந்து பேசுகிறார்கள். டாக்டர் வேலையை அவர்கள் செய்வதில்லை. கேரள அரசோ 2017-ல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே 'ஆவாஸ்' என்ற காப்பீட்டைத் தொடங்கியது. தெலங்கானாவிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் எண்ணம்.

அதுவரை, தெலுங்கு சரளமாகப் பேசும் சகோதரிகள் வாரத்தில் ஒரு காலைப்பொழுது கொண்டாப்பூர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குத் துணைவரத் தயாராக இருந்தால், சங்கத்தில் பெயர் கொடுக்கலாம். புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை சீக்கிரமே நீண்டுவிடும். எட்டரை மணிக்கெல்லாம் அங்கே இருப்பது நல்லது.