அழித்த தடமும் அழியாத ஏடும்: தரவுத்தளத்தின் நம்பகமும் பஞ்சமி நில உரிமையும்

நிலப் பட்டா, சாதிச் சான்று, கல்வி உதவித்தொகை, குடும்ப அட்டை, வேலை உறுதித் திட்டக் கூலி என ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வோடு பிணைந்த உரிமைகள் பலவும் இன்று கணினித் தரவுத்தளத்தின் வரிகளாகவே அரசின் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அவ்வரி பிழைபட்டால் வசதி படைத்தவர் வழக்குரைஞரை அமர்த்துவார். பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டுவார். கையில் வேறு ஆவணம் ஏதுமற்ற கூலித் தொழிலாளிக்கோ கணினி சொல்வதே இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது. ஆகவே, தரவுத்தளம் ஒன்று தன் பதிவுகளை எவ்வாறு பிழையின்றிக் காக்கிறது, பழுது நேர்ந்தால் எவ்வாறு மீட்கிறது, எதை அதனால் காக்க இயலாது என்பவற்றை அறிந்துகொள்வது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய வேலை அன்று.

பேரேட்டுக்கு முன் குறிப்பேடு

வணிகக் கணக்கு எழுதும் முறையில் இரண்டு ஏடுகள் உண்டு. அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கல்கள் நடந்த வரிசையிலேயே முதலில் குறிப்பேட்டில் ஏறும். பின்னரே அவை பேரேட்டில் உரிய தலைப்புகளுக்குப் பிரித்து எழுதப்படும். பேரேடு தீயில் கருகினாலும் குறிப்பேடு தப்பியிருந்தால் கணக்கை மீண்டும் கட்டியெழுப்பலாம். குறிப்பேடு இல்லாமல் பேரேடு மட்டும் இருந்தால், ஒரு தொகை எப்படி அங்கு வந்தது என்பதற்கு விடை கிடைக்காது.

இன்றைய தரவுத்தளங்களும் இம்முறையையே கையாள்கின்றன. ஒரு பதிவை மாற்றுவதற்கு முன், ‘இன்ன பதிவில் இன்ன மதிப்பு இன்னதாக மாறப்போகிறது’ என்னும் குறிப்பு வட்டில் அழியாதபடி எழுதப்படுகிறது. அதன் பிறகே மாற்றம் மூலப் பதிவைச் சென்றடைகிறது. இதனை ‘ரைட் அஹெட் லாக்’ என்பர். மின்சாரம் தடைபட்டு இயந்திரம் நின்றுபோனால், மீண்டும் இயங்கத் தொடங்கியதும் அது முதலில் இக்குறிப்பேட்டைத்தான் படிக்கும். நிறைவுற்ற செயல்களை மீண்டும் நிகழ்த்தும். பாதியில் நின்றவற்றைத் திரும்பப் பெறும். இவ்வகை மீட்பு முறைகளுள் பெரிதும் பின்பற்றப்படும் ‘ஏரீஸ்’ முறையை 1992இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட ஐ.பி.எம். குழுவின் முதன்மை ஆய்வாளர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

நான்கு உறுதிகள்

ஐந்து ஏக்கர் நிலம் உடைய ஒருவர் இரண்டு ஏக்கரை விற்கிறார் எனக் கொள்வோம். விற்பவரின் பட்டாவில் இரண்டு ஏக்கர் குறைய வேண்டும். வாங்குபவரின் பட்டாவில் இரண்டு ஏக்கர் கூட வேண்டும். உட்பிரிவு எண் புதிதாக உருவாக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரே செயல். இத்தகைய செயல் தொகுப்பை ‘டிரான்ஸாக்‌ஷன்’ என்பர். இதற்கு இன்றியமையாத நான்கு பண்புகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏசிட்’ என்னும் பெயரை 1983இல் தியோ ஹேர்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் ஆகிய இரு ஜெர்மானிய அறிஞர்கள் வழங்கினர்.

முதற்பண்பு முழுமை. மூன்றும் நடக்க வேண்டும். இல்லையேல் ஒன்றும் நடக்கக் கூடாது. விற்பவரிடம் குறைத்துவிட்டு, வாங்குபவரிடம் கூட்டும் முன் இயந்திரம் நின்றுபோனால் இரண்டு ஏக்கர் நிலம் ஆவணத்தில் யாருக்கும் இல்லாததாகிவிடும். இரண்டாவது இசைவு. வகுத்துத் தரப்பட்ட விதிகளை எந்த மாற்றமும் மீறக் கூடாது. உட்பிரிவுகளின் மொத்தப் பரப்பு தாய்ப் புல எண்ணின் பரப்பை விஞ்சக் கூடாது என்பது அத்தகையதொரு விதி. மூன்றாவது தனிமை. ஒரே புல எண்ணில் இரண்டு அலுவலர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழித்துவிடக் கூடாது. நான்காவது நிலைப்பு. ‘முடிந்தது’ என்று சொல்லப்பட்ட மாற்றம் அடுத்த நொடியே மின்சாரம் போனாலும் நிலைத்திருக்க வேண்டும்.

நான்கு முறை பதிந்த எட்டாயிரம்

இவ்வுறுதிகள் குலைந்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரித்தானிய அஞ்சல் துறையின் ‘ஹொரைசன்’ மென்பொருள் மறக்கவொண்ணாத சான்று. 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் பகுதியைச் சேர்ந்த துணைக்கிளை ஒன்றுக்கு 8,000 பவுண்டு பணம் வந்தது. அதைப் பதிவு செய்தபோது திரை நகரவில்லை. ஊழியர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒரே வரவு நான்கு முறை பதிந்தது. கையில் இருந்ததோ 8,000. கணக்கு காட்டியதோ 32,000. இல்லாத 24,000 பவுண்டு பற்றாக்குறையாக அவர் தலையில் விழுந்தது. ஒரு செயலை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே முறைதான் பதிய வேண்டும் என்னும் அடிப்படைக் காப்பு அங்கு இல்லை.

அந்தப் பிழை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. ஆனால், 1999 முதல் நடைமுறைக்கு வந்த இம்மென்பொருள் காட்டிய பற்றாக்குறைகளின் பேரில் 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக அலுவலர்கள் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; பலர் வீட்டை இழந்தனர். கணினி ஒழுங்காக இயங்கியதென மெய்ப்பிக்க வேண்டும் என்றிருந்த சட்டப்பிரிவு அங்கே 1999இல் நீக்கப்பட்டிருந்தது; எனவே, கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்று நீதிமன்றங்கள் கருதிக்கொண்டன. மென்பொருளைக் கட்டிய நிறுவனத்தின் ஊழியர்கள் கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்தே, கிளை அலுவலர் அறியாமல் மாற்ற முடிந்தது என்பதை 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதி செய்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியே அத்தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, பிழையைவிடப் பிழையை மறுக்க வழியில்லாமற்போன நிலை. குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் குறிப்பேடு இல்லை. அது யாரிடம் இருந்ததோ அவர்களே வழக்குத் தொடுத்த பக்கத்தில் நின்றார்கள்.

சொல்லப்படாத விதி

இனி நம் மண்ணுக்கு வருவோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் பிறந்த அரசாணையின்படி சென்னை மாகாணத்தில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு அந்நிலத்தை எவருக்கும் கைமாற்றக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. இதுவே பஞ்சமி நிலம். வருவாய்த்துறை வழக்கில் ‘டி.சி. நிலம்’. மாகாணம் முழுவதும் வழங்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று உரியவர் கையில் இல்லை. காரணையில் பஞ்சமி நில மீட்புக்காகப் போராடிய மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் உயிர்நீத்தனர்.

இந்நிலத்தின் பாதுகாப்பு முழுவதும் ஒரு சிறு குறிப்பில் அடங்கியிருந்தது. கிராம ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ என்று எழுதப்பட்ட இரண்டெழுத்துகளே அவை. 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பட்டா எழுதப்பட்ட பல இடங்களில் இக்குறிப்பு விடுபட்டுப் போனது என்பது நில உரிமைச் செயற்பாட்டாளர்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் குற்றச்சாட்டு. அத்திட்டத்தின் பதிவேடுகளே பின்னர் கணினியில் ஏற்றப்பட்டன.

மேலே சொன்ன நான்கு உறுதிகளும் இங்கே எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். கணினிக்கு ‘இந்நிலத்தை இன்னார்க்கு மாற்றக் கூடாது’ என்னும் விதி சொல்லப்படவில்லை என்றால், மாற்றம் இசைவானதாகவே கருதப்படும். பட்டா மாறுதல் முழுமையாக நடக்கும். பிறர் குறுக்கீடின்றித் தனிமையில் நடக்கும். நடந்தபின் அழியாது நிலைக்கும். பொறியியலின் கண்ணில் குறையேதும் இல்லை. தரவுத்தளம் தனக்குச் சொல்லப்பட்டதற்கு மட்டுமே உண்மையாக இருக்கும். சொல்லாமல் விட்டதை அது அறியாது. சொன்ன பொய்யையும் மெய்யைப் போலவே பத்திரமாகக் காக்கும்.

எந்த நாளுக்கு மீட்பது?

‘நகல் எடுத்து வைத்திருக்கிறோம்’ என்பது அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் விடை. 2017 ஜனவரி 31 அன்று ‘கிட்லேப்’ நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக மூலத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அந்நிறுவனத்திடம் ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட நகலே காப்பாற்றியது; இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்திருந்த 858 டெராபைட் கிடங்கு வெளியிடத்தில் நகலின்றி அழிந்தது. மீட்டுப் பார்த்துச் சோதிக்கப்படாத நகலையும், மூலத்தோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் நகலையும் நம்பியிருக்க முடியாது என்பதே இவ்விரு நிகழ்வுகளின் பாடம்.

பஞ்சமி நிலத்துக்கு இன்னொரு கேள்வி கூடுகிறது. எந்த நாளின் நிலைக்கு மீட்பது? குறிப்பு விடுபட்ட பிறகு கணினியில் ஏற்றிய தரவை நூறு நகல் எடுத்தாலும் அவை அந்த விடுபடலின் நூறு நகல்களே. நமக்கான மீட்புப் புள்ளி கணினிக்கு முந்தையது. பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகளிலும் முந்தைய ‘அ’ பதிவேடுகளிலும் ஒப்படைப்புக் கோப்புகளிலும் அது இருக்கிறது. செல்லரிக்கும் அத்தாள்களே இந்நிலங்களின் உண்மையான குறிப்பேடு.

கேட்க வேண்டியவை

இவற்றிலிருந்து தெளிவான சில கோரிக்கைகள் பிறக்கின்றன. நில மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகள் கிராம வாரியாக ஒளிவருடப்பட்டு, இன்றைய பதிவோடு புல எண் புல எண்ணாக ஒப்பிடப்பட வேண்டும். ஒவ்வொரு படிமத்துக்கும் ‘ஹாஷ்’ எனப்படும் எண் முத்திரை கணக்கிடப்பட்டு வெளியிடப்பட வேண்டும். படிமத்தில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் இம்முத்திரையைக் குறிக்கும் வழக்கத்தை 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் ஏற்றுக்கொண்டிருப்பதால், இது நீதிமன்றத்திலும் பயன்படும்.

பஞ்சமி நிலத்தின் நிபந்தனை, அலுவலர் படித்தும் படிக்காமலும் கடந்துபோகும் குறிப்பாக இல்லாமல், மீறினால் பதிவே நிறைவேறாத விதியாகத் தரவுத்தளத்திலேயே எழுதப்பட வேண்டும். பதிவுத்துறையும் வருவாய்த்துறையும் அவ்விதியை ஒருசேரக் கடைப்பிடிக்க வேண்டும். பழைய மதிப்பின் மேல் புதிய மதிப்பு எழுதப்படும் முறை ஒழிந்து, யார், எந்த நாளில், எந்த ஆணையின் பேரில், எதை எதுவாக மாற்றினார் என்னும் தடம் நீக்க முடியாதபடி சேர்ந்துகொண்டே போக வேண்டும். காகிதப் பதிவேட்டில் தவறான வரியைச் சிவப்பு மையால் அடித்து, அருகில் சுருக்கொப்பம் இட்ட பழைய ஒழுங்கு இதுதான். அடித்த வரி அங்கே படிக்கக் கிடைத்தது. அத்தடத்தை நிலத்துக்கு உரியவரும் கிராம சபையும் கட்டணமின்றிப் பார்க்கும் வசதி வேண்டும்.

ஆவணங்களை வகைப்படுத்திக் கணினிமயமாக்கும் கடமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு அரசு அலுவலகங்கள் மீது சுமத்துகிறது. எனவே, ஒரு புல எண்ணின் இன்றைய பட்டா நகலோடு நின்றுவிடாமல், அதன் மாறுதல் வரலாற்றையும் பழைய ‘அ’ பதிவேட்டுப் பக்கத்தையும் சேர்த்துக் கேட்டு மனு எழுதும் பழக்கம் நம் இளைஞர்களிடையே பரவ வேண்டும். கணினி காட்டும் பெயர் மட்டும் போதாது; அப்பெயர் அங்கு வந்த வழியையும் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.