காதல் புதினமும் வாசகர் தீர்ப்பும்

அமெரிக்கக் காதல் புதினங்களின் வாசகரை நேரில் அணுகிக் கருத்தறிந்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' ஆகும். அதில் இடம்பெறும் மகளிர் கிடைத்ததையெல்லாம் ஏற்போர் அல்லர். தலைவி அறிவுடையவளாக இருத்தல் வேண்டும்; தலைவனின் கடுமைக்கு அடியில் பரிவு புலப்படல் வேண்டும்; முடிவு இன்பமாக அமைதல் வேண்டும். பெண்ணின் மீதான வன்முறையை இன்பமாகக் காட்டும் நூல்களை அவர்கள் வெறுத்தனர். (திறனாய்வாளர் பலரினும் இவர்தம் அளவுகோல் தெளிவானது என்பேன்.)

அமானுடக் காதல் புதினங்கள் இவ்வளவுகோலைச் சோதிக்கின்றன. ஸ்டெஃபனி மேயரின் 'டுவைலைட்' (2005) புதினத்தில் இரத்தக் காட்டேரியான எட்வர்ட், பெல்லா அறியாமல் இரவில் அவள் அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கிறான். சமகாலப் புதினத்தில் அலுவலக மேலாளர் ஒருவர் இவ்வாறு செய்வாராயின் வாசகர் பலர் நூலை மூடிவிடுவர். இங்கோ சிலர் அதனைக் காவல் எனக் கொண்டனர். வேறு சிலர் அத்துமீறல் எனக் கண்டித்தனர்.

கண்டித்தோர் பக்கமே நியாயம் உள்ளது. எட்வர்ட் பள்ளிக்குச் செல்கிறான், கார் ஓட்டுகிறான், பியானோ வாசிக்கிறான். மனித வாழ்வின் நயங்களையெல்லாம் ஏற்றவனுக்கு அதன் நெறி மட்டும் விலக்காவது எங்ஙனம்? பெல்லாவோ செய்தியறிந்து சினக்க முயன்று, இயலாமல் உள்ளூர மகிழ்கிறாள். வாசகர் வழங்க வேண்டிய மன்னிப்பை ஆசிரியரே முந்திக்கொண்டு வழங்கிவிடுகிறார்.