டீசல் எஞ்சினின் தலைக்குப் போல்ட்டா, ஸ்டட்டா?

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளிற் சிலர், உழவு மும்முரத்தில் எஞ்சினின் வலுவைக் கூட்டிக்கொள்ள விரும்பி, டீசல் பம்பைத் திருத்தி எண்ணெய் அதிகமாய்ப் பாயும்படி செய்கின்றனர். வேறு சிலர் டர்போ பொருத்துகின்றனர். பின்பு சிலிண்டர் தலையின் அடியிலுள்ள காஸ்கெட் ஊதிப்போய், ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயிற் கலந்து, நடவு வேளையில் வண்டி கொட்டகையில் நின்றுவிடுமாயின், நஷ்டம் ஒரு காஸ்கெட்டின் விலையோடு நிற்பதில்லை. அச்சமயத்தில் பட்டறைக்காரர் போல்ட்டுகளை நீக்கி ஸ்டட்டுகள் போடும்படி யோசனை கூறுவது வழக்கம். அந்த யோசனை எப்போது தக்கது, எப்போது வீண் செலவு என்பதை ஈண்டு விளக்குவோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் நெருக்குவதால் உண்டாகும் உஷ்ணத்தினாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகையால் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் பெட்ரோல் எஞ்சினிலுள்ளதைக் காட்டிலும் அதிகம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ என்று கொண்டால், தலையை மேலே தள்ளும் பலம் சுமார் 6¼ டன் ஆகும். டர்போ பொருத்தியதனால் அழுத்தம் 130 கிலோவுக்கு ஏறுமாயின், அப்பலம் 10 டன்னைத் தாண்டிவிடும். நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும் நான்கு வீச்சு எஞ்சினில் இந்த அடி ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிஷத்துக்கு 1,000 முறை விழுகிறது. தலையை இறுக்கிப் பிடித்திருக்கும் பலம் இதனினும் நன்றாய் மிகுந்திராவிடில், தலை மயிரிழையளவு தூக்கிக் கொடுக்கும். காஸ்கெட்டுக்கு அதுவே போதும்.

போல்ட், ஸ்டட் இரண்டும் உண்மையில் இரும்பு ஸ்பிரிங்குகளே. இறுக்கும்போது அவை சிறிது நீளுகின்றன. சுருங்க முயலும் அந்த இழுப்புத்தான் தலையைப் பிடிக்கிறது. போல்ட்டை இறுக்குகையில் அது நீளுவதோடு முறுக்கவும் படுகிறது. அன்றியும் அதன் மரை வார்ப்பிரும்புப் பிளாக்கினுள்ளே உராய்ந்துகொண்டு சுழல்கிறது. தலையை நான்கைந்து முறை கழற்றி மாட்டிய எஞ்சினில் பிளாக்கின் மரை தேய்ந்து, துளையைப் பெரிதாக்கிச் சுருள் மரை இறக்க நேர்வதுண்டு. ஸ்டட்டையோ முன்னதாகவே பிளாக்கில் இறக்கி வைத்துவிடுகிறோம், அது அசைவதில்லை. மேலேயுள்ள நட்டு மட்டுமே சுழலும். மேல் முனையில் நெருக்கமான மரை வெட்டப்பட்டிருப்பதால் இறுக்கமும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சீராய் அமைகிறது. ஸ்டட்டின் சிறப்பு இவ்வளவே.

எஃகின் தரத்தை அதன் தலையிற் பொறித்த 8.8, 10.9, 12.9 என்னும் எண்களால் அறியலாம். 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, நிரந்தரமாய் நீண்டுவிடாமல் தாங்கும் இழுப்பு, 8.8 தரத்தில் சுமார் 5 டன், 10.9 தரத்தில் 7 டன், 12.9 தரத்தில் 8 டன்னுக்குச் சற்று மேல். ஆனால் எண் பெரிதாயிருந்தால் எல்லாம் நலம் என்று எண்ணுதல் கூடாது. மின்சாரத்தால் முலாம் பூசிய 12.9 தரச் சாமான் சில வேளை முன்னறிவிப்பின்றி முறிந்துவிடும். மரை பிடித்திருக்கும் பிளாக்கோ அதே பழைய வார்ப்பிரும்புதான்.

இவ்விஷயத்தில் அமெரிக்காவில் நேர்ந்தது கவனிக்கத்தக்கது. அங்கே 2003 முதல் 2007 வரை போர்டு கம்பெனியின் கனரகப் பிக்கப் வண்டிகளில் வந்த 6.0 லிட்டர் டீசல் எஞ்சினில், சிலிண்டர் ஒன்றைச் சுற்றி 14 மில்லிமீட்டர் போல்ட்டுகள் நான்கே இருந்தன. வலுவைக் கூட்டி ஓட்டியவர்களின் வண்டிகளில் தலை தூக்கிக் காஸ்கெட் போயிற்று. ஸ்டட் போடுவது அங்கே சாதாரண வழக்கமாயிற்று. பின்வந்த 6.4 லிட்டர் எஞ்சினில் போல்ட்டு 16 மில்லிமீட்டராக்கப்பட்டது. எனினும் பல வண்டிகளில் மூலகாரணம் வேறு. எண்ணெயைக் குளிர்விக்கும் பாகம் அடைபட்டு, தண்ணீர் ஓட்டம் குறைந்து, திரும்பிவரும் புகையைக் குளிர்விக்கும் பாகத்தில் தண்ணீர் கொதித்தது. அந்த அடைப்பை நீக்காமல் ஸ்டட் மட்டும் போட்டவர்கள் பணத்தை இரண்டு முறை செலவிட்டனர்.

ஆகையால் காஸ்கெட் போனவுடன் முதலிற் பார்க்க வேண்டியவை ரேடியேட்டர், விசிறி வார், தண்ணீர் பம்பு ஆகியவையே. தலையின் அடிப்புறத்தில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடுக்குத் தகட்டால் கோணல் உண்டா என்று சோதிக்க வேண்டும். கோணிய தலையை எந்த ஸ்டட்டும் நேராக்காது. பம்பைத் திருத்தாமல், கம்பெனி விட்டபடியே ஓடும் டிராக்டருக்கு அதன் சொந்தப் போல்ட்டே போதுமானது. ராஜ்கோட்டில் வார்க்கப்படும் லிஸ்டர் மாதிரி மெதுவோட்ட எஞ்சின்களில் தொடக்கம் முதலே ஸ்டட்டுதான். அவற்றில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. டர்போ சேர்த்தவர்களும் பம்பைக் கூட்டியவர்களும் மட்டுமே உயர்ந்த எஃகு ஸ்டட்டுக்குச் செலவிடலாம். ஸ்டட் நிற்கும்போது தலையை நேராக மேலே தூக்கித்தான் எடுக்க முடியுமாகையால், மேலே டீசல் டாங்கி இருக்கும் வண்டிகளில் அதையும் இறக்க வேண்டிவரும் என்பது நினைவிலிருக்கட்டும்.

மாட்டும் முறையிற் பிழைசெய்தால் உயர்ந்த சாமானும் பயன்படாது. துளைகளைச் சுத்தம் செய்து, அடியில் தங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்றால் ஊதியெடுக்க வேண்டும். தங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது திரவம் நெருக்குண்டு பிளாக் வெடிக்கும். ஸ்டட்டை ஸ்பானர் போடாமல் கையால் இறக்கினாற் போதும். துளை தண்ணீர் அறைக்குள் திறப்பதாயிருந்தால் மரையில் அடைப்புப் பசை தடவுக.

நட்டை முறுக்கும் பலத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பாகிறது. எஞ்சியது உராய்விலே போய்விடும். எனவே உலர்ந்த மரைக்குரிய அளவை எண்ணெயிட்ட மரைக்கு வைத்தால் இழுப்பு மூன்றில் ஒரு பங்குகூட அதிகமாகிவிடலாம். ஸ்டட்டோடு வரும் மசகையும், அதற்கென்று சொல்லிய அளவையுமே கைக்கொள்க. டிராக்டர்ப் புஸ்தகத்திலுள்ள போல்ட்டு அளவு இதற்குப் பொருந்தாது. அளவு காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாத பட்டறையில் இவ்வேலையைக் கொடுத்தல் ஆகாது. நடுவிலிருந்து தொடங்கி, வெளிப்புறமாய் மாறி மாறி, மூன்று தவணையில் இறுக்க வேண்டும். ஓடியபின் மறுபடி இறுக்குவதா வேண்டாமா என்பது காஸ்கெட்டின் வகையைப் பொறுத்தது; அதன் உறையிலேயே எழுதியிருக்கும். குறிப்பிட்ட அளவுக்குப்பின் பாகைக் கணக்கில் திருப்பி இறுக்கும் போல்ட்டுகளிற் பல, ஒரு முறைக்கு மட்டுமே உரியவை. கழற்றிய அத்தகைய போல்ட்டை மறுபடி எஞ்சினில் மாட்டாமல், வேறு கைக்குப் போகாதபடி பழைய இரும்போடு சேர்த்துவிடுக.