பூச்சிப் பல்: அரிப்பது புழுவா, கிருமியா?

குழந்தையின் பல் கறுத்துக் குழி விழுந்தால் அதைப் 'பூச்சிப் பல்' என்கிறோம். பல்லுக்குள் புழு புகுந்து அரிப்பதாக நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். ஆனால் அங்கே பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. பல்லைக் கரைப்பது அமிலம். அந்த அமிலத்தை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்ற பாக்டீரியா. 1924-ல் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பல்லிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்.

நாம் சாப்பிடும் சர்க்கரைதான் இதற்கும் உணவு. சர்க்கரையிலிருந்து பசை போன்ற பொருளை உண்டாக்கி பல்லில் ஒட்டிக்கொள்கிறது. வாய் கொப்பளித்தால் மட்டும் இந்தப் படலம் போகாது. கூடவே லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. அது பல்லின் மேலுறையான எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது.

இதற்கு எதிராக நமக்குத் தரப்பட்டிருக்கும் பாதுகாப்பு உமிழ்நீர். அது அமிலத்தைத் தணித்து, பல் இழந்த தாதுக்களை மீண்டும் சேர்க்கிறது. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். எனவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை முறை என்பதே பெரிய கேள்வி. உணவோடு சேர்த்து ஒரு மிட்டாய் கொடுப்பதைவிட, நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கொடுப்பது அதிகம் கெடுக்கும்.

தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். சர்க்கரை கலந்த பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தை தூங்கினால், முன்பற்கள் விரைவில் சொத்தையாகும். 'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடக் கூடாது. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவையும் அவையே.

இந்தக் கிருமி பெரும்பாலும் தாயிடமிருந்தும் வீட்டில் உள்ளவர்களிடமிருந்தும் எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஆகவே பெரியவர்களின் சொத்தைக்கும் சிகிச்சை தேவை.

மிஸ்வாக் நமக்குப் பழக்கமான சுன்னத். அந்தக் குச்சி தரும் உகாய் மரத்தின் சாறு இந்தக் கிருமியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அதோடு ஃபுளோரைடு பற்பசையால் காலையிலும், படுக்கும் முன்பும் துலக்குவோம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு பற்பசை போதும். துலக்கிய பிறகு தண்ணீர் மட்டுமே கொடுப்போம்.