தெய்வ வணக்கமா? தாய் வாழ்த்தா?

ஒரு பாட்டுக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு உரியது? இயற்றிய புலவருக்கா, பாடிப் போற்றும் மக்களுக்கா, ஏற்று முத்திரையிடும் அரசுக்கா? எளிய வினாப் போலத் தோன்றும் இது, பள்ளிகளிலும் விழா மேடைகளிலும் பல குரல்கள் ஒருங்கு கூடிப் பாடும் பாடல் ஒன்றைப் பற்றி எழும்போது, விடை காண்பதற்கு அத்துணை எளிதாக இருப்பதில்லை. அப்பாடல் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த மெய்யியற் பேராசிரியர் ஒருவர் இயற்றியது. தமிழ்நாடு அதனைத் 'தமிழ்த்தாய் வாழ்த்து' என்று அழைக்கிறது. ஆசிரியர் அதற்கு இட்ட தலைப்போ 'தமிழ்த் தெய்வ வணக்கம்' என்பது. இவ்விரு பெயர்களுள் எது பொருந்துவது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஆசிரியரையும் நூலையும் அறிந்துகொள்வோம். பெ. சுந்தரம் பிள்ளை 1855-ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில், அதாவது இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியில், மெய்யியல் கற்பித்தவர். திருவிதாங்கூர்க் கல்வெட்டுக்களை ஆராய்ந்து பண்டை அரசர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர். திருஞானசம்பந்தர் காலத்தை வரையறுக்க முயன்றவர். 1891-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்னும் செய்யுள் நாடகம், ஆங்கிலப் புலவர் லிட்டன் பாடிய கதைப்பாட்டு ஒன்றைத் தழுவியது. ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்டது. 1897-இல், நாற்பத்திரண்டு வயதளவில், அவர் மறைந்தார். இன்று தமிழுலகம் சுந்தரனார் என்றே அவரை வழங்குகிறது.

அந்நாடகத்தின் பாயிரத்தில் கடவுளைப் போற்றிய பின்னர், தமிழைப் போற்றும் பகுதி வருகிறது. நூல் தொடங்குமுன் கடவுளை வணங்குதல் தொன்றுதொட்ட மரபு. மொழியையே ஒரு தெய்வமாக்கி, அத்தெய்வத்துக்குத் தனியே வணக்கம் கூறியது சுந்தரனார் செய்த புதுமை. அதற்கேற்பவே 'தமிழ்த் தெய்வ வணக்கம்' என்று தலைப்பிட்டார்.

வாழ்த்து, வணக்கம் என்னும் சொற்கள் ஒரு பொருளனவல்ல. காப்பியத்தின் முகப்பில் வாழ்த்து, வணக்கம், வருபொருளுரைத்தல் ஆகிய மூன்றனுள் ஒன்று அமைதல் வேண்டும் என்று தண்டியலங்காரம் வகுத்துக் கூறும். வணங்குபவன் தாழ்ந்து நிற்கிறான். வாழ்த்துபவன் மற்றொருவரின் சிறப்பை எடுத்துரைத்து அது நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறான். பெரியவர் சிறியவரை வாழ்த்தலாம், வணங்குவது இல்லை. ஆகவே தலைப்பில் ஒரு சொல் மாறினால், பாடுவோர் நிற்கும் நிலையும் மாறுகிறது.

இனி, பாடல் நாடகத்தினின்று பிரிந்து மேடைக்கு வந்த வரலாற்றைக் காண்போம். 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் தன் விழாக்களில் இதனைப் பாடிப் பரப்பியது. தமிழ் அமைப்புக்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. 1970-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, அரசு விழாக்களின் தொடக்கத்தில் இப்பாடலைப் பாட வேண்டும் என்று அறிவித்தது. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் மோகன இராகத்தில் இசையமைக்க, டி. எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும் பாடினர். அவ்விசையே இன்று எங்கும் ஒலிக்கிறது. பெயரும் 'தமிழ்த்தாய் வாழ்த்து' என்றே நிலைபெற்றது.

அரசு பாடலை முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இடையில் உள்ள சில அடிகளை விலக்கி, தொடக்கப் பகுதியையும் இறுதி அடியையும் இணைத்துக்கொண்டது. விலக்கிய அடிகளில் கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழிலிருந்து தோன்றியவை என்னும் கருத்தும், ஆரியம் உலக வழக்கு ஒழிந்தது என்னும் கருத்தும் உள்ளன. பிறமொழியாளர் உள்ளம் புண்படலாகாது என்பதே விலக்கியதற்குக் காரணமாகக் கூறப்பெற்றது. அக்காரணத்தை நாம் குறை கூறவில்லை. அரசு விழாவில் பாடும் பாட்டு அனைவரையும் அணைத்துச் செல்லல் வேண்டும். ஆயின், பெயர் பற்றிய நம் வினாவுக்கு விடை அவ்வடிகளிலேயே இருக்கிறது என்பதை நேயர்கள் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

இன்று பாடப்பெறும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்போம். நிலத்தை ஒரு பெண்ணாகவும், பரத கண்டத்தை அவள் முகமாகவும், தென்னாட்டை நெற்றியாகவும், திராவிட நாட்டை அந்நெற்றியில் இட்ட திலகமாகவும் புலவர் உருவகம் செய்கிறார். அத்திலகத்தின் மணம் போலத் திசையெங்கும் புகழ் பரப்புவது தமிழ். அத்தமிழை அவர் விளிக்கும் சொல் 'அணங்கு' என்பது. அணங்கு தெய்வப் பெண்ணையும் குறிக்கும். அழகிய இளமங்கையையும் குறிக்கும். அவளிடத்தில் புலவர் வியப்பது அவள் இளமையை. ஆகவே, பாடப்பெறும் அடிகளுள் 'தாய்' என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. தாய்மையைக் குறிக்கும் செய்தியும் இல்லை. இளமையை வியந்து போற்றும் பாட்டுக்குத் தாய் என்னும் பெயர் எங்ஙனம் வந்தது?

விலக்கிய அடிகளுக்குச் செல்வோமாயின் இருளில் விளக்கேற்றியது போல் ஆகும். பல உயிர்களையும் பல உலகங்களையும் படைத்துக் காத்துத் துடைத்த பின்னும் பரம்பொருள் முன்னிருந்தபடியே மாறாது இருப்பதைப் புலவர் அங்கே உவமையாக எடுத்துக்காட்டுகிறார். அவ்வாறே தமிழும் தன் வயிற்றினின்று பல மொழிகளை ஈன்ற பின்னும் இளமை குன்றாது நிற்கிறது என்கிறார். சைவ நூல்களில் தோய்ந்த மெய்யியற் பேராசிரியருக்கே இயன்ற உவமை இது. பரம்பொருளோடு ஒப்பிட்டமையால் தமிழ் 'தெய்வம்' ஆகிறது. மொழிகளை ஈன்றமையால் 'தாய்' ஆகிறது. ஈன்றும் மூவாமையே இளமைக்கு வியப்பைத் தருகிறது. பிள்ளைகளைப் பெறாத மங்கை இளமையோடு இருப்பதில் வியப்பு ஏது?

எனவே, ஆசிரியர் இட்ட பெயருக்கும் மக்கள் வழங்கும் பெயருக்கும் உரிய சான்று ஒரே இடத்தில் இருக்கிறது. அவ்விடம் பாடப்பெறுவதில்லை. இப்பூசலில் நாம் கண்ட முடிச்சு இதுவே. 'தெய்வம்' என்போரும் 'தாய்' என்போரும் கண்முன் உள்ள அடிகளை வைத்து வாதிடுகின்றனர். இருவருக்கும் வேண்டிய அடிகளோ அச்சிட்ட நூலில் உறங்குகின்றன.

'வாழ்த்து' என்னும் சொல்லைப் பொறுத்தவரை மக்கள் வழக்குக்கே வலிமை மிகுதி. பாடலின் முடிபுச் சொல் 'வாழ்த்துதும்' என்பது. 'நாம் வாழ்த்துகிறோம்' என்பது அதன் பொருள்; இலக்கண நூலார் அதனைத் தன்மைப் பன்மை வினைமுற்று என்பர். மேடையில் பாடுங்கால் அச்சொல் மும்முறை ஒலிக்கிறது. கேட்டோர் செவியில் இறுதியாகத் தங்குவது அதுவே ஆதலின், 'வாழ்த்து' என்று பெயர் வழங்கியதில் வியப்பில்லை. மேலும், ஒரு தனிமனிதர் எழுதிய பாயிரம் பன்மையில் முடிந்தமையால், அது பலர் கூடிப் பாடுவதற்கு எழுதியது போலவே அமைந்துவிட்டது.

பெயர் பற்றிய வேறுபாடு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. சேக்கிழார் தம் காப்பியத்தைத் 'திருத்தொண்டர் புராணம்' என்றார்; உலகம் அதனைப் 'பெரிய புராணம்' என்றது. கம்பரின் 'இராமாவதாரம்' கம்பராமாயணமாக நிலைத்தது. 'மலைபடுகடாம்' என்னும் பாட்டுக்குக் 'கூத்தராற்றுப்படை' என்னும் பெயரும் உண்டு. ஔவையாரின் 'ஆத்திசூடி' தன் முதற் சொல்லாலேயே பெயர் பெற்றது. மேலைநாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஹேண்டல் என்னும் இசைமேதை 1741-இல் இயற்றிய பெரும் குழுவிசைப் படைப்பு 'மெசையா' என்பது. ஆங்கிலத்தில் பெயரின் முன் நிற்கும் 'தி' என்னும் சுட்டுச் சொல் அதன் தலைப்பில் இல்லை. ஆயினும் மக்கள் 'தி மெசையா' என்றே கூறிவருகின்றனர். அறிஞர் திருத்திக்கொண்டே இருக்கின்றனர். 1742-இல் டப்ளின் நகரில் அரங்கேறிய அப்படைப்பு, அடுத்த ஆண்டு இலண்டன் நாடக அரங்கில் பாடப்பெற்றபோது, 'புதிய திருவிசை நாடகம்' என்னும் பொருள்பட மட்டுமே விளம்பரம் செய்யப்பெற்றது. திருமறைப் பொருளைக் கூத்தரங்கில் பாடலாமோ என்று எழுந்த எதிர்ப்பின் நடுவே மெசையா என்னும் திருப்பெயர் மறைக்கப்பெற்றது. ஒரு பெயரை இடுவதும் மறைப்பதும் பாட்டைப் பற்றிய ஒரு தீர்ப்பே என்பதை இது காட்டுகிறது.

நம் பாடலைப் பற்றியும் அத்தகைய தீர்ப்பொன்று எழுந்தது. 2021-ஆம் ஆண்டு திசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இது வழிபாட்டுப் பாடலேயன்றி நாட்டுப்பண் போன்றதன்று என்றும், பாடும்போது எழுந்து நிற்கவேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் எதுவும் இல்லை என்றும், எனினும் உரிய மதிப்பு அளித்தல் வேண்டும் என்றும் கூறியது. அதே திங்கள் 17-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு இதனை மாநிலப் பாடலாக அறிவித்தது. ஐம்பத்தைந்து நொடிகளில் பாடி முடித்தல் வேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்றல் வேண்டும் என்றும் வரையறுத்தது. நீதிமன்றம் 'வழிபாடு' என்றது சுந்தரனார் எழுதிய 'வணக்கம்' என்னும் சொல்லுக்கு அணித்தாக இருப்பதை நோக்குக. 'மாநிலப் பாடல்' என்பது வணக்கமும் அன்று, வாழ்த்தும் அன்று. அது ஒரு பதவி. ஒரே பாட்டு இங்ஙனம் முப்பெயர் பெற்று நிற்கிறது.

'தமிழ்த்தாய் வாழ்த்து' என்னும் பெயர் மட்டும் பாட்டை அடையாளம் காட்டப் போதுவதும் இல்லை. புதுச்சேரியில் பாரதிதாசன் இயற்றிய வேறொரு பாடல் அதே பெயரில் பாடப்பெறுகிறது. ஆதலால் அப்பெயரை ஒரு பாட்டின் தலைப்பு என்பதைவிட ஒரு பாட்டு வகையின் பெயர் என்று கொள்வதே தகும். கடவுள் வாழ்த்து என்பது ஒரு நூலுக்கே உரிய பெயராகாதவாறு போல.

திருவனந்தபுரத்துத் தமிழருக்கு இப்பூசல் வெறும் ஏட்டுப் பூசல் அன்று. அவர்கள் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி வாழ்பவர்கள். சுந்தரனாரும் அங்ஙனம் வாழ்ந்தவரே. தமிழை மலையாளத்தின் தாய் என்று அவர் எழுதியது மலையாளம் ஒலிக்கும் நகரில் இருந்துகொண்டுதான். இன்றைய மொழிநூலார் தெலுங்கு, கன்னடம், துளு முதலியவற்றைத் தமிழோடு ஒரு மூலத்தினின்று கிளைத்த உடன்பிறப்புக்கள் என்பர். மலையாளத்தைத் தமிழுக்கு மிக நெருங்கிய உறவு என்பர். ஆகவே 'தாய்' என்பதை மொழிவரலாற்று உண்மையாகக் கொண்டால் அண்டை வீட்டாரோடு வழக்கு வளரும். புலவர் உள்ளத்தின் உருவகமாகக் கொண்டால் உறவு வளரும். தலைப்பில் உள்ள ஒரு சொல்லை நாம் எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து இத்துணை வேறுபாடு விளைகிறது.

முடிவாக நாம் கூற விரும்புவது இது. மேடையில் மக்கள் வழங்கும் பெயரே வழங்கட்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கான நாவில் பயின்ற பெயரை எவரும் மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டா. ஆயின், பாடநூலிலும் பாட்டுத் தொகுப்பிலும் அச்சிடும்போது ஆசிரியர் இட்ட 'தமிழ்த் தெய்வ வணக்கம்' என்னும் தலைப்பையும் உடன் தருதல் வேண்டும். மேடையில் பாடாத அடிகளையும் வகுப்பறையில் மாணவர் படித்தல் வேண்டும். அவற்றில் உள்ள கருத்தை ஏற்பதும் மறுப்பதும் படித்த பின்னர்ச் செய்யத்தக்கவை. தெய்வம் ஏன் என்பதும், தாய் ஏன் என்பதும், ஈன்றும் இளமை குன்றாமை என்னும் வியப்பும் அப்போதுதான் விளங்கும். ஐம்பத்தைந்து நொடி எழுந்து நின்று வாழ்த்துவோர், இன்னும் ஐந்து நிமிடம் அமர்ந்து அப்பாயிரத்தைப் படிப்பாராயின், அதுவே சுந்தரனாருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.